ஒரு வரம்புக்கு ஒரு கோடு: கியூஜிஐஎஸ்சில் எங்கள் குளத்து வயல்களை வரைந்த அனுபவம்

ஒரு வழியாக, கியூஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருளில் முதலாம் வாய்க்கால் வயல்களின் வரைபடம் சரிவந்துவிட்டது. கோடுகள் சரியாக முட்டுகின்றனவா என்று பார்க்கும் டொபொலொஜி செக்கரை ஓடவிட்டால் இடைவெளியும் இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய துண்டும் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், படம் சொல்லும் பேர்ச்சும் (ஏக்கரில் 160இல் ஒரு பங்கு) நாடா பிடித்துக் கணக்குப் பார்த்த பேர்ச்சும் ஒத்துப்போகின்றன. முல்லைத்தீவில் துணுக்காய், மல்லாவிப் பக்கம் வேறு குளத்துக்காரரும் இதே வேலையைத் தொடங்க விரும்பக்கூடும். அவர்களுக்காகச் செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். ஸ்னாப்பிங் (கீறும் புள்ளி பக்கத்துப் புள்ளியிலோ கோட்டிலோ தானாக ஒட்டிக்கொள்வது) என்றால் என்ன என்ற பாடம் இதில் இல்லை. எந்தப் பொத்தானை எப்போது போட்டேன், ஏன் திரும்ப அணைத்தேன் என்பதுதான் இருக்கிறது.

முதலில், எதற்காக இந்தப் படம். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் குறைந்தால் முழு வெளியையும் விதைக்க முடியாது. கூட்டம் வைத்து ஏக்கருக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். பிரிப்பதற்குக் கையில் இருந்தது ஒரு பெயர்ப் பட்டியலும், எதிரே ‘ஒன்றரை ஏக்கர்’, ‘முக்கால் ஏக்கர்’ என்ற வாய்க்கணக்கும்தான். 2009க்குப் பிறகு சனம் மீளக்குடியேறி வந்தபோது பல வயல்கள் பற்றை மண்டிக் கிடந்தன. பழைய வரம்பு தெரிந்த இடத்தில் அதன்மேலும், தெரியாத இடத்தில் நினைவை வைத்தும் புதிதாக வரம்பு போட்டார்கள். ஆகவே பழைய கணக்கும் இன்றைய வரம்பும் ஒன்றுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது நிலத்தில் நிற்கிற வரம்பின்படி யாருக்கு எவ்வளவு என்பதுதான் கமக்காரர் அமைப்பு கேட்ட கேள்வி. இந்தப் படம் காணி உரிமைக்கோ வழக்குக்கோ உதவாது. அதற்கு அனுமதி பெற்ற நில அளவையாளர்தான் வர வேண்டும். தண்ணீர்ப் பங்குக்குப் போதும்.

சாமான்கள் அதிகம் இல்லை. ஒரு பழைய லப்டொப், காசு கொடுக்கத் தேவையில்லாத கியூஜிஐஎஸ், 50 மீற்றர் பைபர் நாடா ஒன்று, மூலைக்கு அடிக்கக் காட்டுத்தடி முளைகள், முளைகளின் தலைக்குப் பூச ஒரு சின்ன டின் சிவப்புப் பெயின்ற், கோடு போட்ட கொப்பி. நாடாவின் ஒரு பக்கம் மீற்றரும் மறுபக்கம் அடியும் இருந்தால் நல்லது. வயலில் பெரியவர்கள் அடியில்தான் பேசுவார்கள். போனில் உள்ள ஜிபிஎஸ் நாலைந்து மீற்றர் தள்ளிக் காட்டும். எந்த முளை எந்த வயலுடையது என்று அடையாளம் பிடிக்க மட்டும் அதை வைத்துக்கொண்டேன். நீளம் எல்லாம் நாடாவில்தான்.

கணினியில் முதல் தடங்கல் ஆள்கூறு முறையில் வந்தது. செய்மதிப் படத்தைப் போட்டுவிட்டு நீளத்தையும் கோணத்தையும் எண்ணால் பூட்டிக் கீற உதவும் அட்வான்ஸ்ட் டிஜிற்றைசிங் பனலைத் திறந்தால் அது வேலை செய்யாது என்று செய்தி காட்டியது. புரொஜெக்ற் அகலாங்கு நெட்டாங்கில், அதாவது 4326 என்ற குறியெண் முறையில் இருந்ததுதான் காரணம். பாகையில் இருக்கும் படத்தில் ‘36.5 மீற்றர்’ என்று பூட்ட வழியில்லை. புரொஜெக்றை 5235க்கு, அதாவது மீற்றரில் எண்ணும் 1999ஆம் ஆண்டின் இலங்கை கிரிட்டுக்கு மாற்றியதும் பனல் உயிர்த்தது. புது லேயர்களையும் (படத்தின் அடுக்குகள்) அதே முறையில் உருவாக்குங்கள். இன்னொரு விஷயம்: பழைய வரைபடங்களின் கிரிட்டில் தொடக்க எண் கிழக்குக்கும் வடக்குக்கும் 200,000, 1999 கிரிட்டில் இரண்டுக்கும் 500,000. மாங்குளத்தை அண்டிய இடம் புதிய கிரிட்டில் கிழக்கு 465,000 அளவிலும் வடக்கு 735,000 அளவிலும் வரும். பழைய தாளில் இந்த இரு எண்களும் மூன்று லட்சம் குறைந்து தெரிந்தால் தாள் பிழை இல்லை, கிரிட் வேறு.

அடுத்தது ஸ்னாப்பிங்கின் டோலரன்ஸ், அதாவது எவ்வளவு கிட்ட வந்தால் ஒட்டும் என்ற தூரம். அமைப்பில் வந்தபடி 12 பிக்ஸல் என்று இருந்தது. சாதாரணத் திரையில் ஒரு பிக்ஸல் கிட்டத்தட்ட 0.26 மில்லிமீற்றர். படத்தை 1:5000 அளவில் வைத்து வரைந்தால் 12 பிக்ஸல் என்பது நிலத்தில் 16 மீற்றர்! 1:500க்குக் கிட்டப் போனாலும் 1.6 மீற்றர் வரும். எங்கள் கிளை வாய்க்கால் ஒரு மீற்றர் அகலம்தான். அதன் இரு கரையிலும் வேறு வேறு ஆட்களின் வரம்பு ஓடுகிறது. இந்தக் கரை மூலையில் கிளிக் பண்ணினால் புள்ளி அந்தக் கரையில் போய் ஒட்டிக்கொள்ளும், திரையில் அது கண்ணுக்கும் தெரியாது. இப்படி வரைந்த முதல் படத்தில் பாதி இடத்தில் வாய்க்காலே காணாமல் போனது.

ஆகவே டோலரன்ஸை பிக்ஸலிலிருந்து மீற்றருக்கு மாற்றி 0.5 என்று கொடுத்தேன். இதில் ஒரு நல்ல பக்கவிளைவு உண்டு. தூரத்தில் நின்று வரைந்தால் அரை மீற்றர் என்பது ஒரு பிக்ஸல்கூட வராது, எதுவும் ஒட்டாது. ஒட்ட வேண்டும் என்றால் 1:250 வரை கிட்டப் போயே ஆக வேண்டும். அங்கே அது ஏழெட்டுப் பிக்ஸல், கைக்கு வசதி. அவசரமாக வரைய விடாத அமைப்பு இந்த வேலைக்கு நல்லது.

‘ஆல் லேயர்ஸ்’ என்று விடாமல் அட்வான்ஸ்ட் கொன்பிகரேஷனில் லேயருக்கு லேயர் பிரித்துக் கொடுத்தேன். முளை லேயருக்கு வெர்டெக்ஸ், அதாவது புள்ளி மட்டும். வரம்பு லேயருக்கு வெர்டெக்ஸும், இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட கோடான செக்மென்ரும். செய்மதிப் படத்தைப் பார்த்துக் கீறிய மாதிரிக் கோடுகளுக்கு ஒன்றும் இல்லை. இது மிக முக்கியம். செய்மதிப் படமே சில மீற்றர் விலகி உட்கார்ந்திருக்கலாம். அதைப் பார்த்துக் கீறிய கோட்டில் அளந்த புள்ளி ஒட்டிவிட்டால் அளந்த பாடு வீண்.

அப்புறம் செக்மென்ற் ஒட்டுதல். ஒரு குறுக்கு வரம்பு நீள வரம்பின் நடுவில் வந்து முட்டுகிறது என்று வையுங்கள். குறுக்கு வரம்பின் நுனியை நீள வரம்பின் செக்மென்ரில் ஒட்டினேன். திரையில் சரியாகப் பொருந்தியது. ஆனால் செக்கர் இடைவெளி என்றது. எவ்வளவு கிட்டப் போனாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காரணம் இதுதான்: சாய்ந்த கோட்டின் நடுவில் விழும் புள்ளியின் ஆள்கூறைக் கணினி தசம இடத்தில் எங்கோ ஓரிடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. நிறுத்திய புள்ளி கோட்டிலிருந்து மயிரிழையிலும் குறைவாக விலகி நிற்கும். நீள வரம்பில் அந்த இடத்தில் புள்ளியே இல்லாததால் இரண்டும் உண்மையில் சேரவில்லை. டொபொலொஜிகல் எடிற்றிங் பொத்தானைப் போட்டபின் இது தீர்ந்தது. ஒட்டும் இடத்தில் நீள வரம்பிலும் ஒரு வெர்டெக்ஸ் தானாக விழுகிறது. இரண்டு கோட்டுக்கும் ஒரே ஆள்கூறு. பிறகு வெர்டெக்ஸ் கருவியால் அந்த மூலையை இழுத்தால் சுற்றியுள்ள வயல்கள் எல்லாம் சேர்ந்து நகரும்.

குளக்கட்டின் அடி ஓரம் வளைந்து வளைந்து போகும். அதை ஒட்டிய வயல்களுக்கு அந்த வளைவை ஒவ்வொரு புள்ளியாகத் திரும்பக் கீறத் தேவையில்லை. ரி (T) விசையை அழுத்தி ட்ரேசிங்கைப் போட்டு, தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று கிளிக் பண்ணினால் இடையில் உள்ள அத்தனை புள்ளியும் வந்துவிடும். அது குறுகிய வழியைத்தான் தேடும், சில இடத்தில் வயலின் மறுபக்கத்தால் சுற்றிக்கொண்டு போகும். அங்கே நடுவில் ஒரு கிளிக் கூடக் கொடுத்தால் வழிக்கு வரும். ‘ட்ரேசிங் சரியாக வேலை செய்யாமல் போகலாம், டொபொலொஜியைப் பாருங்கள்’ என்ற மஞ்சள் பட்டை தோன்றினால் மூடிவிட்டுத் தொடராதீர்கள். எங்கோ கோடுகள் முட்டாமல் நிற்கின்றன என்பதற்கு அது நல்ல அறிகுறி.

இனி, நான் அணைத்துவிட்ட பொத்தான்: அவொய்ட் ஓவர்லாப். பக்கத்து வயலின்மேல் ஏறும்படி வரைந்தாலும் ஏறிய பகுதியைத் தானே வெட்டிவிடும். பார்க்க மிக வசதி. ஆனால் யாருடைய கோடு சரி என்று அதற்குத் தெரியாது. முதலில் வரைந்தவர் பக்கம் நிற்கும், அவ்வளவுதான். ஓரிடத்தில் அதை அணைத்துவிட்டு இரண்டு வயலையும் அவரவர் அளவின்படி தனித்தனியே வரைந்தேன். முக்கால் மீற்றர் அகலத்தில் 40 மீற்றர் நீளத்துக்கு ஒரு பட்டை இரண்டிலும் இருந்தது. 30 சதுர மீற்றர், ஒரு பேர்ச்சுக்கு மேல். வயலுக்குத் திரும்பிப் போய் விசாரித்தால், ஒருவர் நாடாவை வரம்பின் மேல் நடுவில் பிடித்திருக்கிறார், மற்றவர் வரம்பின் அப்பாலுள்ள அடியில் பிடித்திருக்கிறார். இருவரும் நேர்மையாகத்தான் பிடித்தார்கள். அந்த இடத்திலேயே பேசி, இனி எல்லோருக்கும் வரம்பின் நடு என்று முடிவாயிற்று. பொத்தான் போட்டிருந்தால் அந்தப் பட்டை சத்தமில்லாமல் ஒருவருக்குப் போயிருக்கும், ஏன் என்று கேட்க ஆளும் இருந்திருக்காது.

இந்த வேலை முழுவதிலும் என் நிலைப்பாடு இதுதான். இரண்டு புள்ளிகளை ஒட்டுவது என்றால் ‘இந்த இரண்டும் நிலத்தில் ஒரே இடம்’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பது. முதலில் அளவுகளை அப்படியே கீறி, எங்கே பொருந்தவில்லை என்று பார்த்து, காரணத்தைத் தீர்த்துவிட்டு அப்புறம் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டுப் பார்த்தால் எல்லாம் பொருந்தித்தான் தெரியும்.

கோணப் பூட்டுகளுக்கு வருவோம். எங்கள் வாய்க்காலின் கீழ்ப் பகுதி பிற்காலத்தில் அளந்து பிரித்துக் கொடுத்த பெர்மிற் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி). பழைய தாளில் அளவுகள் செயினில் இருக்கின்றன: மூன்று செயின் அகலம், பத்துச் செயின் நீளம். ஒரு செயின் 66 அடி, 20.1168 மீற்றர். பத்துச் சதுரச் செயின் ஓர் ஏக்கர், ஆக இது மூன்று ஏக்கர். இப்படியான நேர் வயலுக்குப் பனல் மிக உதவி. வாய்க்கால் ஓரக் கோட்டை முதலில் கீறிக்கொண்டு, மூலையில் புள்ளி வைத்து, பி (P) விசையை அழுத்தி அந்தக் கோட்டில் கிளிக் பண்ணினால் அதற்குச் செங்குத்தாகப் பூட்டிக்கொள்ளும். பியை இன்னொரு முறை அழுத்தினால் சமாந்தரம். டி (D) விசையை அழுத்தித் தூரப் பெட்டியில் 10*20.1168 என்றே எழுதலாம், பெருக்கி எடுத்துக்கொள்ளும். திசைகாட்டியால் எடுத்த கோணத்தை ஏ (A) விசைப் பெட்டியில் போடுபவர்கள் கவனிக்க: பனலில் பூச்சியம் கிழக்கு, எண்ணிக்கை இடஞ்சுழியாக. வடக்கிலிருந்து 30 பாகை என்றால் பெட்டியில் 60.

ஆனால் தாளின்படி வரைந்த செவ்வகம் தாளின் செவ்வகம்தான். 9, 12, 15 மீற்றர் முக்கோணம் பிடித்து மூலைகளைப் பார்த்தேன் (மூன்றும் சேர்த்து 36 மீற்றர், ஒரே நாடாவில் பிடிக்கலாம்). ஒரு வயலில் தூர மூலை செங்கோணமாக இல்லை. அந்தப் பக்கத்து அகலம் 60.35க்குப் பதில் 59.6 மீற்றர். முக்கால் மீற்றர்தானே என்று தோன்றும். 201 மீற்றர் நீளத்தில் அது 75 சதுர மீற்றர், மூன்று பேர்ச். ஆகவே தாளின் செவ்வகங்களை ‘திட்டம்’ என்ற தனி லேயரில் வெறும் ஒப்பீட்டுக்கு வைத்து, அதற்கு ஸ்னாப்பிங்கை அணைத்துவிட்டேன். நிலத்தின் கோடுகள் முளையிலிருந்து முளைக்கு மட்டும் போகின்றன.

மேல் பகுதி பழைய வயல். குளக்கட்டையும் நிலத்தின் சரிவையும் பார்த்துப் போட்ட வரம்புகள். ஒரு மூலைகூடச் செங்கோணம் இல்லை. பனலின் அமைப்பில் 90, 45 பாகைக்கு ஒட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு வரைந்த படம் கண்ணுக்கு அழகாக இருந்தது. அதைப் பார்த்த ஒரு வயல்காரர், “தம்பி, உந்த மூலை என்ர வயலில இல்லை. அது வாய்க்காலோட சரிஞ்செல்லோ போகுது” என்றார். “ஓம் ஐயா, நேர வந்து அளந்தே போடுறன்” என்று சொல்லி அவருடைய வயலையே முதலில் எடுத்தேன்.

அந்த வயலை முழுதாகச் சொல்கிறேன், முறை இதிலேயே விளங்கும். நாலு முளை: வாய்க்கால் பக்கம் ஒன்றும் இரண்டும், கட்டுப் பக்கம் மூன்றும் நாலும். ஒன்றிலிருந்து இரண்டு 58.0 மீற்றர், இரண்டிலிருந்து மூன்று 41.8, மூன்றிலிருந்து நாலு 60.2, நாலிலிருந்து ஒன்று 36.5. மூலைவிட்டம் ஒன்றிலிருந்து மூன்று 77.7. 50 மீற்றரைத் தாண்டும்போது நடுவில் முளை அடித்து நேர் பிடித்து இரண்டு துண்டாக அளக்க வேண்டும். நாடா தொய்யாமல் இழுக்க மறுமுனையில் பலமான ஆள் வேண்டும்.

முதலாவது கோட்டைத் தூரம் பூட்டிக் கீறியாயிற்று. மூன்றாவது முளை எங்கே? இரண்டிலிருந்து 41.8 மீற்றரில் ஒரு வட்டம், ஒன்றிலிருந்து 77.7 மீற்றரில் ஒரு வட்டம். வெட்டும் இடம்தான் முளை. முதலில் பபர் கருவியால் (புள்ளியைச் சுற்றிக் குறித்த தூரத்தில் எல்லை கீறுவது) வட்டம் போட்டேன், ஸ்னாப் ஓன் இன்ரர்செக்ஷனையும் போட்டு வெட்டும் புள்ளியில் ஒட்டினேன். அளந்து பார்த்தால் அரை மீற்றர் அளவில் பிழைக்கிறது. பபரின் செக்மென்ற் எண்ணிக்கை அமைப்பில் 5 என்று இருந்ததே காரணம். கால் வட்டத்தை ஐந்து நேர்கோடாக வெட்டுகிறது. அந்த நேர்கோட்டின் நடு உண்மையான வட்டத்திலிருந்து ஆரையின் 1.2 சதவீதம் உள்ளே நிற்கும்; 60 மீற்றர் வட்டத்தில் அது முக்கால் மீற்றர். எண்ணை 90 ஆக்கியபின் பிழை சில மில்லிமீற்றருக்கு இறங்கியது. நாலாவது முளையும் இப்படியே, ஒன்றிலிருந்து 36.5, மூன்றிலிருந்து 60.2. வட்டங்கள் தற்காலிக லேயரில் இருக்கட்டும், வேலை முடிய அழித்துவிடலாம்.

இப்போது இரண்டிலிருந்து நாலுக்கு மற்ற மூலைவிட்டம். வரைவதற்கு இது தேவையில்லை, சரிபார்க்கத்தான். படத்தில் 63.2 வந்தது, நாடாவிலும் 63.3 வந்தது. பத்துச் சென்ரிமீற்றர் வித்தியாசம், வயலுக்கு இது போதும். பரப்பு 2,255 சதுர மீற்றர், 89 பேர்ச். ஊரில் வழக்கமாகச் செய்வது எதிர்ப் பக்கங்களைக் கூட்டி இரண்டால் பிரித்துப் பெருக்குவது: 59.1ஐ 39.15ஆல் பெருக்க 2,314 சதுர மீற்றர், 91.5 பேர்ச். இரண்டரைப் பேர்ச் அளவு கூடக் காட்டுகிறது. இந்தப் பழைய கணக்கு ஒருபோதும் குறைத்துக் காட்டாது. வயல் செவ்வகமாக இருந்தால் சரியாக வரும், எவ்வளவு சரிகிறதோ அவ்வளவு கூட்டிக் காட்டும். அதனால் கோணல் வயல்காரருக்கு அதிகமாகவும் நேர் வயல்காரருக்கு உள்ளபடியும் பங்கு போய்க்கொண்டிருந்தது. இதைக் கொப்பியில் கீறிக் காட்டியபோது கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை.

வயல் வயலாகப் பொலிகன் (மூடிய வடிவம்) கீறுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு முறையையே மாற்றினேன். ஒரு வரம்புக்கு ஒரு கோடு, அதுவும் ஒரு முறை மட்டும். வரம்புகள் எல்லாம் கோட்டு லேயரில். பிறகு பொலிகனைஸ் கருவியை ஓட்டினால் மூடிய இடமெல்லாம் வயலாகிவிடும். ஒவ்வொரு வயலுக்குள்ளும் ஒரு புள்ளி வைத்து வயல்காரரின் இலக்கத்தை அதில் எழுதி, இடத்தை வைத்து இணைத்தால் பட்டியல் தயார். ஒரு வயல் உருவாகாமல் போனால் எங்கோ நுனி முட்டாமல் நிற்கிறது. டொபொலொஜி செக்கரில் கோட்டு லேயருக்கு ‘மஸ்ற் நொற் ஹாவ் டாங்கில்ஸ்’ என்ற விதியைப் போட்டால் அந்த நுனியைச் சிவப்பில் காட்டும். வயல் இல்லாத இடத்தில் பொலிகன் வந்தால் அது பெரும்பாலும் வாய்க்கால். அதையும் தனியே பெயரிட்டு வையுங்கள், துப்புரவு வேலைக்கு ஆள் பிரிக்க உதவும்.

செலவு என்று பார்த்தால் நாடாதான் பெரிது, மூவாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். பெயின்ற், கொப்பி, செய்மதிப் படம் இறக்கிய டேற்றா எல்லாம் சேர்த்தாலும் அதைத் தாண்டவில்லை. நாடா பிடித்தவர்கள் வயல்காரர்களே, கூலி இல்லை. மத்தியானச் சாப்பாடு அந்தந்த வீட்டில்.

இரண்டாம் வாய்க்காலில் சிலதை மாற்றுவேன். தொடக்கத்திலிருந்தே கோட்டு முறை. ஒவ்வொரு நாற்கோண வயலுக்கும் இரண்டு மூலைவிட்டமும் கட்டாயம்; இம்முறை சிலவற்றுக்கு ஒன்றுதான் எடுத்ததால் சரிபார்க்கத் திரும்பவும் போக வேண்டியிருந்தது. முளைக்கு இலக்கம் பெயின்றால் எழுதாமல் தகரத் துண்டில் குத்தி ஆணி அடிப்பேன், மாடு உரசினால் பெயின்ற் போய்விடுகிறது. நாடா இரண்டு வேண்டும், வட்டத்துக்குரிய இரண்டு தூரத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கலாம். சிறுபோக அறுவடை முடிந்து, காலபோகத்துக்கு உழத் தொடங்குமுன் உள்ள காய்ந்த நாட்கள்தான் இந்த வேலைக்குத் தோது: வரம்பு வெறுமையாக நிற்கும், சேறு இல்லை, ஆட்களும் ஊரில் இருப்பார்கள். 5235, 0.5 மீற்றர், டொபொலொஜிகல் எடிற்றிங் போட்டபடி, அவொய்ட் ஓவர்லாப் அணைத்தபடி ஒரு வெறும் புரொஜெக்ற் கோப்பைச் சேமித்து வைத்திருக்கிறேன். அடுத்த வாய்க்கால் அதிலேதான் தொடங்கும்.